எஞ்சின் அறைக்குப் போன தந்தி

எங்கள் ஊரில் கடல் கிடையாது. மலை உண்டு, குளங்கள் உண்டு, நல்ல மழை பெய்தால் நாலு நாள் ஓடை உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட திருவண்ணாமலையிலிருந்து என் கணவர் பதினெட்டு வயதில் கடற்படைக்குப் போனார். பெண் பார்க்க வந்தபோது என் அண்ணன் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "நீச்சல் தெரியுமா மாப்ள?" என்பதுதான். "நீந்தற வேலை இல்லீங்க, எஞ்சின் ரூம்ல வேலை" என்றார். அதற்குப் பிறகு தாலி கட்டும்வரை அவர் வாயைத் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

கல்யாணம் ஆகிப் பத்து வருஷம் அவர் கடலில் இருந்தார், நான் செங்கம் ரோட்டில் இருந்தேன். இன்று ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்காகக் காபிக் கடையும் வாடகை அறையுமாக நெருக்கியடித்துக் கிடக்கும் ரோடு அப்போது காலியாக இருக்கும். தபால்காரர் சைக்கிள் வளைவில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அவர் எனக்குக் கடிதம் இருந்தால் மணி அடிப்பார், இல்லாவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். அந்த மனிதர் தலையைக் குனிந்த நாட்கள்தான் ஜாஸ்தி.

லீவில் வரும்போது விடியற்காலை பஸ்ஸில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவார். பெட்டியைத் திறந்தால் இரும்பும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும். அதுதான் கடல் வாசனை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேன்டீன் பிஸ்கட், சோப்பு, முகப்பவுடர் எல்லாம் வரும். ஒருமுறை டின்னில் அடைத்த பாலாடைக்கட்டி வந்தது. மஞ்சளாக, கட்டியாக இருந்ததைப் பார்த்துத் துணி சோப்பு என்றே முடிவு செய்து பக்கத்து வீட்டுக்கும் பாதி வெட்டிக் கொடுத்தேன். அவர்கள் அதைப் போட்டுத் துவைத்தும் விட்டார்கள். நுரையே வரலியே என்று கேட்க வந்தபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம் என்பதால் அந்தக் காலையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். லீவு முடியும் அன்று பஸ் நிலையத்துக்கு நான் போக மாட்டேன். போனால் சண்டை போடுவேன் என்று எனக்கே தெரியும்.

நான் முன்கோபி. அவர் கல்லுளிமங்கன். இந்த இரண்டும் சேர்ந்தால் வீட்டில் சண்டை நடக்காது, ஒருத்தி மட்டும் கத்திக்கொண்டிருப்பாள். எத்தனையோ விஷயத்துக்குக் கத்தியிருக்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் அவரிடம் நான் கேட்கவே இல்லை. நாற்பத்து நான்கு வருஷம் உள்ளேயே வைத்திருந்தேன். எங்களுக்குப் பெண் பிறந்தது அவருக்குப் பிடிக்கவில்லையா என்பதுதான் அது.

பிரசவத்துக்குக் கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெண் பிறந்த அன்றே அண்ணன் தபாலாபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்தான். பெண் குழந்தை, இருவரும் நலம், அவ்வளவுதான் வாசகம். அது பம்பாய்க்குப் போய், அங்கிருந்து கம்பியில்லாத் தந்தியாகக் கப்பலுக்குப் போகும் என்று அண்ணன் எல்லாருக்கும் பெருமையாக விளக்கினான். நான் பதிலுக்குக் காத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. "தந்தி கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்." இரண்டே வரி. மிச்சம் முழுக்க வெறும் நீலம். பெண் என்ற சொல் அதில் இல்லை. பெயர் என்ன வைக்கலாம் என்று இல்லை. குழந்தை யார் ஜாடை என்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்திருந்த சின்னம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கப்பல்காரருக்குப் பையன் வேணும்னு இருந்திருக்கும், விடு" என்றாள். அவள் சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டாள். அந்தப் பேச்சு என்னிடமே தங்கிவிட்டது.

ஐந்து மாதம் கழித்து வந்தவர் குழந்தையைச் சூடான பாத்திரத்தைத் தூக்குவதுபோல் விரல் நுனியால் தூக்கினார். அது வீறிட்டது. உடனே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பார்த்தாயா, சின்னம்மா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் எங்களுக்கு வேறு குழந்தையும் பிறக்கவில்லை. பையன் பிறந்திருந்தாலாவது அந்தச் சந்தேகம் வந்த வழியே போயிருக்குமோ என்னவோ, தெரியாது.

நான் அவரிடம் கேட்கவில்லை என்றேன். மகளிடம் சொல்லாமல் இருந்தேன் என்று சொல்லவில்லை. அவளுக்கு எட்டு வயது இருக்கும்போது, லீவில் வந்திருந்த அப்பாவிடம் மார்க் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வகுப்பில் முதல். அவர் அதை மேலிருந்து கீழ்வரை படித்து, கையெழுத்துப் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்தார். அவள் முகம் தொங்கிப்போய் அடுப்படிக்கு வந்தாள். எனக்கு அன்று வேறெதற்கோ அவர்மேல் கோபம். பீரோவைத் திறந்து அந்த இன்லண்ட் லெட்டரை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். "நீ பொறந்தப்பவே உங்கப்பா எழுதுனது இவ்ளோதான்" என்றேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை அதே பேச்சைப் பேசியிருப்பேன் என்று கணக்கில்லை. கோபத்தில் பேசினேன், கேலியாகவும் பேசினேன். அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட அத்தைமார் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அந்த இரண்டு வரியை ஒப்பித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆனால் அவள் அப்பாவிடம் நேராகப் பேசுவதை எட்டு வயதோடு நிறுத்திவிட்டாள். "அப்பாகிட்ட சொல்லும்மா", "அப்பாவ கேளும்மா" என்று எல்லாம் என் வழியாகத்தான். அவர் கடற்படையை விட்டு வந்து, கீழ்பென்னாத்தூர் ரோட்டில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் கடை வைத்து, காது மந்தமாகி, கடையை மூடி வீட்டோடு உட்கார்ந்த பிறகும் அப்படியேதான். சென்னையிலிருந்து போன் செய்தால் என்னிடம் பேசுவாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னா சொல்றா?" என்பார். நான் சுருக்கிச் சொல்வேன். எனக்கும் அந்த நடு இடம் பழகிப்போயிருந்தது. உண்மையைச் சொன்னால் பிடித்தும் இருந்தது.

போன வருஷம் செய்தித்தாளில் ஒரு படம் வந்தது. அவர் வேலை பார்த்த கப்பலுக்கு ஓய்வு கொடுத்து, வடக்கே ஒரு துறைமுக ஊரில் நிறுத்தி, மக்கள் பார்க்கும் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்களாம். அவர் அந்தப் படத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டை துவைக்கப் போகும்போது எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றுவார். போகலாமா என்று என்னிடம் கேட்கவில்லை. பொங்கலுக்கு வந்த மகள் இதைக் கவனித்திருக்கிறாள். ஒன்றும் சொல்லாமல் காட்பாடியிலிருந்து மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டு, "அப்பாகிட்ட சொல்லும்மா" என்றாள். இந்த விஷயத்தில் அப்பனும் மகளும் ஒரே அச்சு என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கப்பலைப் பக்கத்தில் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பத்து வருஷம் என் புருஷனைப் பிடித்து வைத்திருந்த பொருள் இதைவிடப் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாம்பல் நிறத்தில், புதுப் பெயின்ட் அடித்து, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்காகச் சுத்தம் செய்த வீடு மாதிரி நின்றது. அதன் பக்கவாட்டில் ஏறிப்போக ஒரு சாய்வுப் படி. முன்னால் போனவர்களின் காலைப் பார்க்காமல், பழக்கதோஷத்தில், நான் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டேன். எங்கள் ஊர்க்காரிக்கு, நாலு பேர் வரிசையில் ஏறுவதைப் பார்த்தால் கால் தன்னால் அதைச் செய்துவிடும்.

படியின் உச்சியில் அவர் நின்றார். எழுபத்து நாலு வயது, இரண்டு முழங்காலிலும் வலி, குனிந்து நடப்பவர். சட்டென்று நிமிர்ந்து, கப்பலின் பின்பக்கம் பார்த்து சல்யூட் அடித்தார். அங்கே யாருமே இல்லை.

"யாருக்குங்க?" என்றேன்.

"கொடிக்கு" என்றார். கொடிக்கம்பம்கூட அன்று காலியாகத்தான் இருந்தது.

மேலே ஏறி இரண்டு எட்டு வைத்ததும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. காலை பத்து மணி வெயிலில் தளம் முழுக்க இரும்பு, தோசைக்கல். சித்திரை பௌர்ணமிக்கு மலை சுற்றின கால்தான் என்றாலும் அது தார் ரோடு, இது வேறு. தரையில் வெள்ளை அம்புக்குறி போட்டிருந்தார்கள். மகள் உட்பட எல்லாரும் அந்தக் குறியைப் பார்த்து வலப்பக்கமாகக் கப்பலின் மூக்கை நோக்கி நடந்தார்கள். அப்படிப் போனால் நடுவில் இருக்கும் கட்டடம் இடது கைப்பக்கம் வரும். எனக்கு அது ஒப்பவில்லை. பிறந்ததிலிருந்து மலையை வலக்கைப் பக்கம் வைத்தே சுற்றியவள் நான். அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கும் என் தங்கை, யாராவது எதிர்ப்பக்கமாக வந்தால் கடையை விட்டு இறங்கி வந்து திருப்பி அனுப்புவாள்.

"இடமா சுத்த மாட்டேன். நான் இப்பிடிப் போறேன்" என்றேன்.

"இது கோயில் இல்ல. முன்னாடி போறது வலப்பக்கம், பின்னாடி வர்றது இடப்பக்கம். அபாய மணி அடிச்சா எல்லாரும் ஓடுவாங்க, முட்டிக்கக் கூடாது. அதான் ரூல்" என்றார் அவர்.

"இப்ப எந்த மணியும் அடிக்கல, கால்தான் வேகுது" என்று சொல்லிக்கொண்டே நான் எதிர்ப்பக்கம் நிழலைப் பார்த்து ஓடினேன். பின்னால் அவர் வந்தார். மகள் கூட்டத்தோடு முன்பக்கம் போய்விட்டாள்.

நிழலில் ஒரு இரும்புக் கதவு, குறுக்கே கயிறு, பக்கத்தில் ஸ்டூலில் காவலுக்கு ஒருவர். இது வெளியே வரும் வழி, சுற்றி வாருங்கள் என்று கையைக் காட்டினார். என் கணவர் இந்தியில் ஏதோ சொன்னார். எங்கள் வீட்டில் தமிழிலேயே பேசாத மனிதர் இந்தியில் இத்தனை பேசுவாரா என்று எனக்கு ஆச்சரியம். காவலர் எழுந்து நின்றார். அவரும் பழைய கடற்படைக்காரராம். இவர் முழுக்கைச் சட்டையை மடித்து, முழங்கைக்குக் கீழே ஆவிக்குழாய் பட்டு வெந்த பழைய தழும்பைக் காட்டினார். காவலர் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

உள்ளே செங்குத்தாக ஒரு ஏணி. வீட்டில் மொட்டைமாடிப் படிக்கே என் தோளைப் பிடிப்பவர், இரண்டு பக்கக் கம்பியிலும் கையை வழுக்கவிட்டு இறங்கிவிட்டார். நான் புடவையைச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாகக் காலால் தேடி, கடவுளையும் கடற்படையையும் திட்டிக்கொண்டு இறங்கினேன்.

எஞ்சின் அறை எங்கும் குழாய்கள், சக்கரங்கள், கடிகாரம் போன்ற மானிகள். எல்லாவற்றுக்கும் பச்சையும் வெள்ளையுமாகப் பெயின்ட். அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "வாசனையே இல்லியே" என்றார். ஒரு பம்ப்புக்கும் இரண்டு தடித்த குழாய்களுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. அதில் போய் நின்றார். உடம்பு அளவாக அதில் பொருந்தியது. "இங்கதான். நாலு மணி நேரம் நிப்பேன், எட்டு மணி நேரம் கழிச்சி மறுபடி நாலு மணி நேரம்" என்றார். நான் செங்கம் ரோட்டில் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்து நின்ற வருஷமெல்லாம் இவர் இந்தப் பொந்தில் நின்றிருக்கிறார். ஐயோ பாவமே என்று இருந்தது. அந்தப் பாவம் என்ற நினைப்புதான் என் வாயைத் திறந்தது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இன்னும் கேட்டிருக்க மாட்டேன்.

"பொண்ணு பொறந்த தந்தி வந்தப்ப எங்கங்க இருந்தீங்க?" என்று அவர் காதருகே கத்தினேன்.

"இங்கதான். வேற எங்க?"

அவருக்குத் தன் குரல் தனக்குக் கேட்காது, அதனால் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். எஞ்சின் ஓடாத அந்த இரும்பு அறையில் அது கோயில் மண்டபத்தில் பேசினமாதிரி எழும்பியது.

"வயர்லெஸ்காரன் ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி எடுத்தாந்து குடுத்தான். படிச்சேன். கத்துனேன். எனக்குப் பொண்ணு பொறந்திருக்குடானு தொண்ட கிழியக் கத்துனேன். பக்கத்துல இருந்தவன் திரும்பிக்கூடப் பாக்கல. இந்த ரூம்ல எஞ்சின் ஓடுனா ஒருத்தன் கத்துறது இன்னொருத்தனுக்குக் கேக்காது. எனக்கே கேக்கல."

"அப்புறம்?"

"கைதான். இங்க எல்லாம் கைப்பேச்சுதான்" என்றவர், இரண்டு கையையும் சேர்த்துக் குழந்தையை ஆட்டுவதுபோல் ஆட்டினார். பிறகு ஒரு விரலை மூக்கின் பக்கத்தில், மூக்குத்தி போடும் இடத்தில் வைத்துக் காட்டினார். "அவன் பஞ்சாபி. தமிழ் தெரியாது. இது தெரிஞ்சிடுச்சி. அவன் அந்தாண்ட இருக்கறவனுக்கு இதே மாதிரி காட்டுனான். அவன் மேல ஏணில நிக்கறவனுக்குக் காட்டுனான். ஒரு நிமிஷத்துல எல்லாவனும் தொட்டில ஆட்டி மூக்கத் தொட்டுக்கினு நிக்கறான். நான் அழுதுட்டேன். வேர்வையோட வேர்வையா போயிடுச்சி, யாருக்கும் தெரியல."

"அப்ப லெட்டர்ல ஏன் ரெண்டே வரி?"

"தபால் பைய இன்னொரு கப்பலுக்கு மாத்திக்கினு இருந்தாங்க. பைய கட்டறதுக்குள்ள எழுதுனேன். மிச்சத்த நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். வந்து பாத்தா எப்பிடிச் சொல்றதுனு தெரியல. அவளத் தூக்குனா அழுவுறா. என் கையி காய்ச்சுப் போயி சொரசொரனு இருக்கும், குத்துது போலனு குடுத்துட்டேன்."

அப்போதுதான் எனக்குப் பின்னால் ஏதோ சலசலப்புக் கேட்டுத் திரும்பினேன். அம்புக்குறி வழியாகச் சுற்றி வந்த கூட்டம் எதிர்ப்பக்கத்து ஏணியில் இறங்கிப் பாதியில் நின்றிருந்தது. எல்லாருக்கும் முன்னால், கடைசிக் கம்பியில் கால் வைத்தபடி என் மகள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கன்னம் நனைந்திருந்ததால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று மட்டும் தெரிந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சின்னம்மா வாயிலிருந்து விழுந்த ஒரு பேச்சை எடுத்துப் பாலூட்டி வளர்த்து, இந்தப் பெண் கையில் கொடுத்தவள் நான். அவர் ஒரு தவறும் செய்யவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். நான் பேசினேன்.

அவர் அவளைப் பார்த்துவிட்டார். "ஏன் பாப்பா அழுவுற? கால் வழுக்கிடுச்சா?" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லப்பா, பெயின்ட் வாசன" என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அப்படியே விட்டிருக்கலாம். அவள் விட்டுக்கொடுத்த வழியில் சத்தமில்லாமல் நான் நழுவியிருக்கலாம். ஆனால் அவள் பொய் சொல்லி நான் தப்புவது அன்று எனக்குத் தாங்கவில்லை.

"நான்தாங்க அவகிட்ட சொன்னேன்" என்றேன். "உங்களுக்குப் பொண்ணு புடிக்கலன்னு. சின்ன வயசுலேந்து நான்தான் சொல்லிக்கினே வந்தேன்."

"இன்னா? கேக்கல" என்று அவர் காதை என் பக்கம் சாய்த்தார்.

கூட்டத்தில் ஒருவரும் நகரவில்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ, எங்கள் முகம் தெரிந்திருக்கும். ஒருமுறை சொல்வதற்கே தைரியம் சேர்த்து வைத்திருந்தேன். இரண்டாவது தடவைக்கு மிச்சமில்லை. என்றாலும் அவர் காதருகே வாயை வைத்து, முதல் வார்த்தையிலிருந்து, இன்னும் உரக்கச் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். வாழ்க்கையில் ஒருமுறையாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவளைப் பார்த்தார். ரொம்ப மெதுவாக, தன் குரலை அடக்கிக்கொள்ளப் பார்த்துக் கேட்டார்.

"அதனாலதான் எங்கிட்ட பேச மாட்டியா பாப்பா? நான் என் கடலு வாசன உனுக்குப் புடிக்கலனு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவள் அந்தப் பம்ப்புக்கும் குழாய்க்கும் நடுவில் அவரை நெருக்கிக்கொண்டு புகுந்து, அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். மறுபடி ஏதோ சொன்னாள். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இன்றுவரை இரண்டு பேரும் எனக்குச் சொல்லவும் இல்லை, நானும் கேட்கவில்லை.